டிம்மில் எரிந்த நீல விளக்கு

டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன். ஆனாலும் டேஷ்போர்டில் ஹை பீமுக்கான, அதாவது ப்ரைட்டுக்கான, நீல விளக்கு எரிந்தது. முழுசாக இல்லை, சாம்பல் பூத்த தணல் மாதிரி ஒரு மங்கல். ப்ரைட்டுக்கு மாற்றினேன், நீலம் பளிச்சென்று வந்தது. திரும்ப டிம்முக்கு வந்தேன், மறுபடியும் அதே மங்கல். முன்னால் சாலையின் இடது ஓரம் இருண்டு கிடந்தது. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தேன். வலது ஹெட்லைட் ஒழுங்காக எரிந்தது. இடது கண்ணாடிக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ கனன்றது, அவ்வளவுதான். அதை வெளிச்சம் என்று சொல்ல முடியாது.

அந்த நீல விளக்கை அன்று நான் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை. பழுது எங்கே இருக்கிறது என்று முதல் நிமிடத்திலேயே அது சொல்லிவிட்டது. எனக்குப் புரிய ஐந்து வாரம் ஆனது. இடையில் இரண்டு பல்பு மாற்றினேன், ஒரு பியூஸ் மாற்றினேன், பல இரவுகள் கண்ணை இடுக்கிக்கொண்டு ஓட்டினேன். அந்த ஐந்து வாரத்தை வேறு யாரும் வீணாக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கார் முப்பது வயது தாண்டியது. வட்டமான 7 அங்குல ஹெட்லைட். 1940-ல் அமெரிக்கக் கார்களில் சீல்டு பீமாக, அதாவது இழையும் கண்ணாடியும் ஒரே துண்டாக மூடிய விளக்காக, வந்து நிலைத்த அதே அளவு. பிற்காலத்தில் அந்த ஓட்டைக்குள்ளேயே தனியாகப் பல்பு மாற்றக்கூடிய விளக்குகள் வந்தன. என்னுடையதில் இருப்பது ஹெச்4 பல்பு. 1971-லிருந்து புழக்கத்தில் இருக்கிற, ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழை கொண்ட ஹாலஜன். டிம்முக்கு 55 வாட், ப்ரைட்டுக்கு 60 வாட். பின்னால் மூன்று கால்கள்: ஒன்று டிம், ஒன்று ப்ரைட், மூன்றாவது இரண்டுக்கும் பொதுவான எர்த், அதாவது கரண்ட் காரின் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி. அந்தப் 'பொதுவான' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் பல்பு போய்விட்டது என்று புதுசு போட்டார்கள். எரிந்தது. மூன்று நாள் நன்றாக இருந்தது. நான்காம் நாள் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் பழைய ஆரஞ்சு. மறுபடி கொண்டுபோனால், அங்கே போய் நின்றதும் விளக்கு ஒழுங்காக எரிகிறது! அவர்களைக் குறை சொல்ல முடியாது, எரிகிற விளக்கில் என்ன பழுதைத் தேடுவது? இதில் ஒன்றை இப்போது உறுதியாகச் சொல்வேன். பல்பு மாற்றினால் சரியாகிவிட்டது என்பது, பல்பில்தான் பழுது இருந்தது என்பதற்குச் சாட்சி ஆகாது. பல்பை மாற்றும்போது அதன் கால்களில் செருகியிருக்கும் ஒயர் முனையை, அதாவது கப்ளரை, பிடுங்குகிறோம், ஒயரை இழுக்கிறோம், திரும்பச் செருகுகிறோம். அந்த அசைவிலேயே எங்கோ ஒரு லூஸ் கான்டாக்ட் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளும். கழற்றிய பழைய பல்பைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். பிற்பாடு போட்டுப் பார்த்தேன், அது நன்றாகவே எரிந்தது.

அப்புறம் நானே மல்டிமீட்டரை எடுத்தேன். கப்ளரைக் கழற்றினேன். டிம் ஸ்விட்சைப் போட்டு, சிவப்பு முனையைக் கப்ளரின் டிம் துளையிலும் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்தேன். 12.4 வோல்ட். கறுப்பு முனையைக் கப்ளரின் எர்த் துளைக்கே மாற்றினேன். 12.3. இரண்டு பக்கமும் சரியாக இருப்பதாக மீட்டர் சொல்கிறது, பல்பும் நல்ல பல்பு, ஆனால் செருகினால் ஆரஞ்சு. ஒரு மாலை முழுக்க இதைத் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தேன். பல்பின் கால்களுக்கு நடுவே ஓமில் வைத்தால் கால் ஓம்கூடத் தேறவில்லை. 55 வாட் பல்புக்கு இரண்டரை ஓமுக்கு மேல் இருக்க வேண்டுமே, உள்ளே ஷார்ட்டோ என்று ஒரு பயம் வேறு. அது பயப்பட வேண்டிய விஷயமே இல்லை. டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். சூடேற ஏறத்தான் தடை கூடும்.

எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்றுவிட்டார், ஆனாலும் போனில் கேட்டால் பொறுமையாகச் சொல்வார்.

"அண்ணே, வோல்டேஜ் ரெண்டு பக்கமும் சரியா வருது. லைட் மட்டும் எரியல."

"கழட்டி வெச்சு அளந்தியா, எரியவிட்டு அளந்தியா?"

"கழட்டித்தான்ணே."

"அப்ப நீ இன்னும் அளக்கவே இல்லப்பா. மாட்டி எரியவிட்டுட்டுப் பாரு."

போனை வைத்ததும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவர் சொன்னது அப்படியே உண்மை. என் டிஜிட்டல் மீட்டரின் உள் தடை 10 மெகா ஓம். 12 வோல்ட்டை அளக்கும்போது அது இழுக்கும் கரண்ட் ஒரு மைக்ரோ ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே. 55 வாட் இழைக்கு வேண்டியது நாலரை ஆம்பியர். ஏறத்தாழ 37 லட்சம் மடங்கு வித்தியாசம். துருவின் வழியாகக் கசிகிற துளிக் கரண்டே மீட்டருக்கு முழு 12 வோல்ட்டைக் காட்டப் போதும். பல்புக்கு அது எந்த மூலைக்கு? குழாயைத் திறக்காமலே தொட்டியில் தண்ணீர் ததும்புகிறது என்று பார்த்துவிட்டு, குழாயில் அடைப்பு இல்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

கப்ளரைப் பல்பில் மாட்டினேன். கப்ளரின் பின்பக்கம் ஒயர் நுழைகிற இடுக்கு வழியாக மீட்டரின் கூர்முனை உலோகத்தைத் தொடும். டிம் போட்டேன். முதலில் டிம் காலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்தேன்: 12.1. ப்ளஸ் பக்கம் பெரிய குறையில்லை. அடுத்து எர்த் காலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே. அங்கே பூஜ்யம் இருக்க வேண்டும். மிஞ்சிப் போனால் 0.1, 0.2. மீட்டர் காட்டியது 7.9.

எர்த்தில் எட்டு வோல்ட்! ஒரு துண்டு ஒயரை எடுத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் பிடித்து மறுமுனையால் அந்த எர்த் காலைத் தொட்டேன். இடது விளக்கு வெள்ளையாகக் குதித்து எரிந்தது. எட்டி டேஷ்போர்டைப் பார்த்தேன். நீல விளக்கு அணைந்திருந்தது. ஒயரை எடுத்தேன். இங்கே ஆரஞ்சு, அங்கே நீலம். நாலைந்து தடவை தொட்டும் எடுத்தும் பார்த்துக்கொண்டே நின்றேன். ஐந்து வாரத்துக்கு அப்புறம் வந்த சந்தோஷம் அது.

நீல விளக்கு ஏன் எரிந்தது? இதை நிதானமாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் இது புரிந்துவிட்டால் பழைய வண்டிகளின் பாதிப் பைத்தியக்காரத்தனம் புரிந்துவிடும். கரண்டுக்குப் போகும் வழி மட்டும் போதாது, திரும்பும் வழியும் வேண்டும். டிம் இழைக்குள் நுழைந்த கரண்ட், பொதுக் காலுக்கு வந்து எர்த் வழியாகத் திரும்ப வேண்டும். எர்த் அறுந்திருக்கிறது. ஆனால் அதே பொதுக் காலில்தான் ப்ரைட் இழையின் ஒரு முனையும் சேர்ந்திருக்கிறது. கரண்ட் அந்த இழைக்குள் தலைகீழாக நுழைந்து ப்ரைட் ஒயருக்கு வருகிறது. அந்த ஒயர் வலது விளக்கின் ப்ரைட் இழைக்கும் போகிறது, டேஷ்போர்டின் நீல விளக்குக்கும் போகிறது. வலது பக்கம் எர்த் நன்றாக இருப்பதால் அங்கே போய் இறங்கிவிடுகிறது. ஆக இடது டிம், இடது ப்ரைட், வலது ப்ரைட் என்று மூன்று இழைகள் வரிசையாகக் கோத்துக்கொண்டு பன்னிரண்டு வோல்ட்டைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஆளுக்கு நாலு வோல்ட். எர்த் காலில் நான் பார்த்த 7.9 அதுதான்: முதல் இழை நாலைத் தின்ற பிறகு மிஞ்சிய எட்டு. மூன்றாவது இழையோடு பக்கவாட்டில் நிற்கிற நீல விளக்குக்கும் நாலு வோல்ட் கிடைக்கிறது. அந்தத் தணல் மங்கல் அதனால்தான்.

ப்ரைட்டில் இதே கூத்து டிம் இழைகள் வழியாக நடக்கும். ஆனால் அப்போது நீல விளக்குக்கு நேர்வழியிலேயே முழு வோல்டேஜ் போய்விடுவதால் டேஷ்போர்டில் வித்தியாசம் தெரியாது. அதனால் டிம்மில் நீலம் மங்கலாக எரிகிறதா, ஒரு பக்க ஹெட்லைட் கனல்கிறதா, இரண்டும் சேர்ந்திருந்தால் பல்பைத் தொடாதீர்கள். நேராக எர்த்துக்குப் போங்கள்.

எர்த் ஒயர் விளக்கின் பின்னாலிருந்து ஒரு சாண் தூரத்தில், மட்கார்டின் உள்சுவரில் ஒரு போல்ட்டில் முடிகிறது. வெளியிலிருந்து பார்க்க இறுக்கமாக, ஒழுங்காகவே இருந்தது. இழுத்தால் அசையவில்லை. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, 10 எண் ஸ்பேனரால் அந்தப் போல்ட்டை விட்டேன். வளையத்தைத் தூக்கியதும் அடியில் பார்த்தது பெயிண்ட். முன்பு பாடி வேலை செய்த இடத்தில் எல்லாவற்றையும் அடித்து முடித்து, பெயிண்டுக்கு மேலேயே வளையத்தை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். வளையத்தின் அச்சு வட்டமாகப் பெயிண்டில் பதிந்திருந்தது. பளபளப்புகூடப் போகவில்லை. இத்தனை நாள் கரண்ட் போனது போல்ட்டின் மரை வழியாக மட்டும்தான். அந்த மரையில் இப்போது செம்பழுப்பு மாவு. விரலில் தேய்த்தால் ஒட்டியது. வளையத்தின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரே ஒரு இடம் மட்டும் வெள்ளையாகச் சுரண்டப்பட்டிருந்தது. வண்டி குலுங்கும்போது அந்த ஊசிமுனை தொட்டால் விளக்கு எரிந்திருக்கும், விலகினால் பழைய ஆரஞ்சு.

வளையத்தைக் குறட்டால் வெட்டி எடுத்தேன். ஒயரின் தோலை உரித்தால் செம்பு கறுத்திருந்தது, இழைகளுக்கு நடுவே பச்சைக் களிம்பு. களிம்பு என்ற சொல்லே செம்பில் ஏறுகிற அந்தப் பச்சைக்குத்தானே முதலில் இருந்தது. சைவ சித்தாந்தத்தில் உயிரோடு ஒட்டியிருக்கும் ஆணவத்துக்குச் செம்பில் களிம்பை உவமை சொல்வார்கள். உரித்துப் பார்க்கும்வரை வெளியே தெரியாது என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். இரண்டு அங்குலம் பின்னுக்கு வெட்டியபோதுதான் சிவந்த செம்பு வந்தது. புது வளையம் கோத்து அழுத்தினேன். பாடியில் வளையம் உட்காரும் அளவுக்கு மட்டும் உப்புத்தாள் போட்டு வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்தேன், மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன், பல் வைத்த வாஷர் ஒன்றைக் கொடுத்து முறுக்கினேன். முறுக்கிய பிறகுதான் மேலே கிரீஸ் தடவ வேண்டும், தண்ணீர் அண்டாமல் இருக்க. வலது பக்கத்தையும் கழற்றிப் பார்த்தேன். அங்கேயும் அதே பெயிண்ட். அது இன்னும் சாகவில்லை, அவ்வளவுதான்.

இடது எர்த்தை விளக்கு எரியவிட்டு அளந்தேன்: 0.05 வோல்ட். இரண்டு விளக்கும் சமமாக எரிந்தன. நீலம் அணைந்தது.

இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் இரண்டும் சமமாக எரிந்ததும் ஒன்று கண்ணில் பட்டது. இரண்டுமே மஞ்சளாக இருந்தன. இடது பக்கம் செத்துக் கிடந்தவரை வலது பக்கம் பிரகாசமாகத் தோன்றியிருக்கிறது. அளந்தேன். விளக்குகள் எரிகிறபோது பேட்டரி முனையில் 12.3. பல்பின் இரண்டு கால்களுக்கு நடுவே 10.65. எர்த்தில் 0.05 போனால் மீதி 1.6 வோல்ட் ப்ளஸ் வழியில் எங்கோ தொலைகிறது. சுற்றில் விழுகிற வோல்ட்டுகளைக் கூட்டினால் பேட்டரியின் வோல்ட்டுக்குச் சமமாகத்தான் வரும் என்று 1845-ல் கிர்க்காஃப் சொல்லி வைத்தார். கூட்டிப் பார்த்துக் கணக்கு இடிக்கவில்லை என்றால் எதையும் தவறவிடவில்லை என்று நிம்மதியாக இருக்கலாம். எனக்கு அந்த விதி அவ்வளவு பிடிக்கும்.

1.6 வோல்ட் சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேராகக் குறையாது, ஏறத்தாழ 3.4 அடுக்காகக் குறையும். 12.3-க்குப் பதில் 10.65 என்றால் வோல்டேஜ் 13 சதவீதம்தான் குறைவு. வெளிச்சமோ கிட்டத்தட்ட 40 சதவீதம் போய்விடும். இருட்டில் ஒருவர் கறுப்புச் சட்டையோடு சாலையைக் கடக்கும்போது அந்த 40 சதவீதம் என்னவெல்லாம் செய்யும் என்று நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் பலர், 'அந்தக் காலத்து லைட் அப்படித்தான் இருக்கும்' என்று பழகிவிடுகிறோம். அந்தக் காலத்து விளக்கு அப்படி இருந்ததில்லை. புதிதாக இருந்தபோது இதே கார் நன்றாகவே வெளிச்சம் கொடுத்திருக்கும்.

இனி செய்ய வேண்டியது சுலபம். விளக்கை எரியவிட்டபடி, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி ப்ளஸ்ஸில் நிறுத்திவிட்டு மறுமுனையோடு ஒயர் போகிற வழியிலேயே நடந்து போவது. பியூஸ் பாக்ஸ் வரைக்கும் 0.15. பியூஸும் அதன் ஹோல்டரும் சேர்ந்து 0.2. ஸ்விட்ச்சில் நுழைந்து வெளியே வருவதற்குள் 0.85! மீதி ஒயரிலும் கப்ளர்களிலும் 0.4. கூட்டினால் 1.6, கணக்கு சரி. ஸ்விட்ச் வழியாக இரண்டு டிம்முக்குமான எட்டரை ஆம்பியர் ஓடுகிறது. 0.85 வோல்ட்டோடு பெருக்கினால் 7 வாட். விரல்நுனி அளவு கூட இல்லாத ஒரு தொடுபுள்ளியில் 7 வாட் சூடு. ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டு அந்த ஸ்விட்ச்சைத் தொட்டேன், நன்றாகவே சுட்டது. கழற்றிப் பார்த்தால் செம்புத் தொடுமுனைகள் குழி விழுந்து கறுத்திருந்தன. பக்கத்துப் பிளாஸ்டிக் டீ நிறத்துக்கு மாறி ஓரம் இளகியிருந்தது. மீட்டர் இல்லாதவர்கள்கூட இந்தப் பழுதைக் கண்டுபிடிக்கலாம். கால் மணி நேரம் விளக்கை எரியவிட்டு ஸ்விட்ச், பியூஸ், கப்ளர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். வோல்ட் எங்கே தொலைகிறதோ அங்கே சூடு இருக்கும்.

தொடுமுனைகளைச் சுத்தம் செய்தேன், ஆனால் அதை மட்டும் நம்பவில்லை. முழுக் கரண்டையும் ஸ்விட்ச் வழியாகவே அனுப்புகிற அமைப்புதான் அடிப்படைச் சிக்கல். அதனால் டிம்முக்கு ஒன்று, ப்ரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே வைத்தேன். சின்னக் கரண்ட் வந்தால் பெரிய கரண்டைத் திறந்துவிடுகிற ஸ்விட்ச்தான் ரிலே. பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30-ம் எண் கால், 87-லிருந்து விளக்குக்கு. பழைய டிம் ஒயரும் ப்ரைட் ஒயரும் இப்போது 86-ம் காலுக்கு வந்து ரிலேயைத் தட்டி எழுப்புவதோடு சரி, 85 எர்த்துக்கு. ரிலே சுருளுக்கு 0.2 ஆம்பியர் கூடத் தேவையில்லை, பழைய ஸ்விட்ச் அதை அலுங்காமல் தாங்கும். சிலர் ரிலே போட்ட தைரியத்தில் 100/90 வாட் பல்பு மாட்டுகிறார்கள். வேண்டாம் என்பேன். பிரதிபலிப்பான் அந்தச் சூட்டுக்குச் செய்யப்பட்டதல்ல, எதிரே வருகிறவர் கண்ணுக்கும் அது அநியாயம். 60/55-க்கு முழு வோல்டேஜ் போய்ச் சேர்ந்தால் அதுவே போதும்.

வேலை முடிந்து இன்ஜினை ஓடவிட்டு அளந்தேன். பேட்டரியில் 13.9, பல்பில் 13.6. சாயங்காலம் இருட்டியதும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஸ்விட்சைப் போடும்போது முன்னாலிருந்து ரிலேயின் 'டிக்' சத்தம் கேட்டது. சாலையோரப் புல் தனித்தனியாகத் தெரிந்தது. இத்தனை வருஷமாக இதே காரில் இதே சாலையில் நான் பார்க்காத புல்.

ஆனால் எதிரே வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் எனக்கு லைட்டை அடித்துக் காட்டினார்கள். நான் டிம்மில்தான் இருந்தேன். வீட்டுக்கு வந்து சுவருக்கு முன்னால் 10 மீட்டர் தள்ளி நிறுத்திப் பார்த்தேன். இடது விளக்கின் வெளிச்சக் கோடு, விளக்கின் உயரத்துக்கும் மேலே ஏறி நின்றது. விளக்கு மங்கலாக இருந்த காலத்தில் யாரோ அதைத் தூக்கி வைத்துச் சமாளித்திருக்க வேண்டும். மேல் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கோட்டை விளக்கின் மட்டத்திலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே இறக்கினேன். மறுநாள் இரவு யாரும் அடித்துக் காட்டவில்லை.